இரண்டாம் கீப்பர் எதைப் பார்க்க வேண்டும்

தம்பிகளே, தங்கைகளே, முதலில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். உட்காரத் தெரியாதவர்கள் நம் தொழிலுக்கு லாயக்கில்லை. உங்கள் அணிகளின் முதல் கீப்பர்களைப் பக்கத்து அறையில் வைத்து, எப்படிப் பாய்வது, எப்படிப் பறப்பது, பெனால்டி அடிப்பவனின் கண்ணைப் பார்ப்பதா காலைப் பார்ப்பதா என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். குளிர்சாதனமும் அந்த அறையில்தான் இருக்கிறது. இரண்டாம் கீப்பர்களாகிய உங்களுக்கு இந்த மின்விசிறியையும் என்னையும் ஒதுக்கியிருக்கிறார்கள். வருத்தப்படாதீர்கள், விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இந்தப் பேராக் மாநிலத்தில் காலமெல்லாம் கால்பந்து பார்த்தவர்களுக்கே தெரியாது. சித்தியவானில் ஓர் அணி, கமுந்திங்கில் ஓர் அணி, தஞ்சோங் மாலிமில் ஓர் அணி, கடைசியாக ஈப்போ என்று பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், போன இடத்திலெல்லாம் இரண்டாம் கீப்பராகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கீப்பருக்கு விரல் உடைந்தால் நான். வயிறு கலங்கினால் நான். சிவப்பு அட்டை வாங்கினால் நான். அவன் மச்சினிக்குக் கல்யாணம் என்றாலும் நான். வேர்க்காத உடம்போடு, எல்லாரும் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், யாரோ கெடுத்து வைத்த ஆட்டத்துக்குள் போய் நிற்பதுதான் என் வேலை. நான் இறங்கும் முன்பே விழுந்த கோலுக்கும் சேர்த்து என்னைத்தான் திட்டுவார்கள்.

விளையாடப் பழகியது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் திடலில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. எங்கள் கோல்கம்பம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை இருக்கிறது. அங்கே போய்க் கண் கலங்குவேன் என்று என்னைப் பேட்டி எடுக்க வந்த ஒரு தம்பி ரொம்ப எதிர்பார்த்தார். நான் காரைக் கழுவிக்கொண்டு வந்தேன். நன்றாகவே கழுவுகிறார்கள்.

சரி, தொழிலுக்கு வருவோம். சித்தியவான் அணியில் நான் சேர்ந்தபோது எனக்கும் முன்னால் ஒரு இரண்டாம் கீப்பர் இருந்தார். நான் மூன்றாவது. அவர் பெயர் வேண்டாம், இப்போது மரியாதையாகக் காப்புறுதி பாலிசி விற்கிறார். முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து நான் ஆட்டத்தை ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து இடது பக்கம் போனால் என் தலையும் இடது பக்கம் போனது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"டேய், பந்த ஏன் பாக்குற? பந்து ஒனக்கு என்னா செஞ்சிச்சி?"

"வேற எதப் பாக்குறது அண்ணே?"

"கீப்பரப் பாரு லா. அவன் முட்டிதான் ஒன் சோறு."

எனக்கு அருவருப்பாக இருந்தது. மனுஷனா இவன் என்று தோன்றியது. ஆனால் அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் கீப்பர் காலையில் என்ன சாப்பிட்டார், படியிறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகமா என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. "அண்ணே, முட்டி எப்பிடி இருக்கு?" என்று இவர் தினமும் அன்பொழுகக் கேட்பார். உலகத்தில் தன் மேல் அக்கறை உள்ள ஒரே ஜீவன் இவர்தான் என்று அந்த முதல் கீப்பர் நம்பிக்கொண்டிருந்தார். தம் மகன் காதுகுத்துக்குக்கூட இவரைத்தான் முதலில் அழைத்தார்.

ஒருநாள் முதல் கீப்பர் ஒரு பந்தைப் பிடித்துவிட்டு இறங்கினார். எங்கள் கண்ணுக்கு எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. கோச் கைதட்டினார். கீப்பர் இரண்டு எட்டு நடந்து, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதறிப்போய்க் கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பியபோது நம் காப்புறுதிக்காரர் கையுறையை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டி, எல்லைக்கோட்டருகே குதித்துக்கொண்டிருந்தார். இறங்கும்போதே பாதம் சரியாகப் படவில்லை என்பதைக் கண்டுவிட்டாராம். அன்றைக்கு அவரைக் கழுகு என்று மனதுக்குள் திட்டினேன். ஒரு சீசன் முடிவதற்குள் நானும் அதே மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பெஞ்சில் வேறென்னதான் செய்வது?

தஞ்சோங் மாலிமில் கற்றுக்கொண்ட ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அணிக்கு ஒரு லேடி டாக்டரைக் கூப்பிட்டு, தலையில் அடிபடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்ததால் அணியே தூங்கியது. முதல் வரிசையில் கேப்டனின் குறட்டைச் சத்தம் தனியாகக் கேட்டது. சும்மா உட்கார்ந்தபடி விழித்திருப்பதுதான் என் தொழில் என்பதால் நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் அடியை விட, அது ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் ஆளைக் கொல்லும் என்று அவர் சொன்னார். அடிபட்டவன் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லுவான், அவனைக் கேட்காதீர்கள், அவனைப் பாருங்கள் என்றும் சொன்னார். பேச்சு முடிந்ததும் தூங்கியவர்கள்தான் பலமாகக் கைதட்டினார்கள்.

இனி ஈப்போ. அங்கே எங்கள் அணியின் மேலாளர் ஒரு டத்தோ. மெத்தை வியாபாரம். பட்டம் கிடைத்த கையோடு ஓர் அணியையும் கையில் எடுத்துக்கொண்டார். பந்து உருண்டையாக இருக்கும் என்ற அளவுக்கு அவருக்கு ஆட்டம் தெரியும். ராசி மட்டும் நன்றாகத் தெரியும். ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால் அதே பதினொருவர்தான் அடுத்த ஆட்டத்திலும் இறங்க வேண்டும். பேருந்தில் அதே இருக்கைகளில் உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்கும் வரை ஜெர்சியைத் துவைக்கக் கூடாது. ராசி தண்ணீரோடு போய்விடுமாம்.

அந்த வருஷம் கிண்ணப் போட்டியில் நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். பேராக் வெயிலில் காய்ந்து காய்ந்து, துவைக்காத அந்த ஜெர்சிகள் ஆளில்லாமலேயே எழுந்து நிற்கும் நிலைக்கு வந்துவிட்டன. அரையிறுதியில் எதிரணிக்காரன் ஒருவன்கூட எங்கள் ஆட்டக்காரர்கள் பக்கத்தில் நெருங்கவில்லை. எதிரணியின் தடுப்பாட்டம் பலவீனம் என்று மறுநாள் பேப்பரில் எழுதினார்கள்.

என் ஜெர்சி மட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. சீசன் தொடக்கத்தில் ஒருமுறை முதல் கீப்பருக்கு விரல் பிசகி நான் இறங்கினேன். எதிரணி அடித்த பந்து எங்கள் தடுப்பாட்டக்காரரின் பின்புறத்தில் பட்டுத் திசைமாறி உள்ளே போனது. தோற்றோம். அடிபட்ட பின்புறத்துக்கு எந்தப் பழியும் இல்லை. டத்தோ என்னைப் பார்த்து, "இந்தப் பையன் ராசி சரியில்ல. பேசாம ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எல்லைக்கோட்டோரம் ஓடி உடம்பைச் சூடாக்குவதற்கும் எனக்கு நிபந்தனை வந்தது. என் நிழல் கோல் பக்கம் விழக் கூடாதாம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஓடிய ஒரே கீப்பர் நானாகத்தான் இருப்பேன்.

அங்கே முதல் கீப்பர் குணா. என் வயதுதான். வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது. நல்ல கீப்பர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தலைமுடியை வாரிவிட்டுத்தான் பெனால்டிக்கே நிற்பான். என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் என் முன்னே வந்து முட்டியை மடக்கி நீட்டிக் காட்டி, "மச்சான், நல்லா பாத்துக்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ தூங்கு" என்று சிரிப்பான். நானும் சிரிப்பேன். அவன் மனைவி பரமேஸ்வரிக்குத் தெரிந்ததை விட எனக்கு அவனை நன்றாகத் தெரியும். கோல் கிக் அடிப்பதற்கு முன் இடது கம்பத்தைக் காலால் தட்டுவான், பிறகு வலது கம்பத்தை, பிறகுதான் பந்தை வைப்பான். மாறவே மாறாது.

இறுதி ஆட்டம் வந்தது. எனக்கு அந்த ஆட்டம் எவ்வளவு பெரியது என்று சொன்னால்தான் மற்றது புரியும். அதோடு என் ஒப்பந்தம் முடிகிறது. டத்தோ நீட்டிக்கப் போவதில்லை. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவலாளி வேலை, காலியாக இருப்பதாக என் மனைவி விசாரித்து வைத்திருந்தாள். "இந்த சீசனோட போதும் லா" என்று அவள் சொல்லி நானும் தலையாட்டியிருந்தேன். இந்த நேரத்தில்தான் மேல்பிரிவு அணி ஒன்றின் கோச் இறுதி ஆட்டம் பார்க்க வருவதாகத் தெரிந்தது. அவருக்கு அனுபவமுள்ள ஒரு கீப்பர் தேவை. முதல் கீப்பராகவே. குணாவுக்கு ஒப்பந்தம் பாக்கி இருந்ததால், அவர் எங்கள் கோச்சிடம் என்னைப் பற்றித்தான் விசாரித்திருந்தார். "கொஞ்ச நேரம் எறங்கினாலும் பார்த்துக்கிறேன்" என்றிருந்தார். கொஞ்ச நேரம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆட்டம் சாயங்காலம், ஈப்போவில். டத்தோ திடலின் நான்கு மூலையிலும் தேங்காய் உடைத்தார். ஒரு சில்லு மூலைக்கொடிக்குப் பக்கத்தில் கிடந்ததால் ஆட்டமே தாமதமாகத் தொடங்கியது. முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உயரமான ஒரு பந்துக்குக் குணா குதித்தான். எதிரணியின் நெட்டை ஆட்டக்காரன் ஒருவனும் குதித்தான். இரண்டு மண்டையும் மோதிய சத்தம் பெஞ்சுக்குக் கேட்டது.

எங்கள் அணி டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் என்றால் டாக்டர் இல்லை. டத்தோவின் மைத்துனர், மசாஜ் கடை வைத்திருப்பவர். பை இருந்ததால் அந்தப் பெயர். எந்த இடத்தில் அடிபட்டாலும் குளிர் மருந்தை உஸ்ஸென்று அடிப்பார், தலையிலும் அதையே அடித்தார். குணா எழுந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆட்டம் தொடர்ந்தது.

எல்லாரும் பந்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் குணாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோல் கிக் வந்தது. அவன் வலது கம்பத்தைத் தட்டினான். பிறகு மறுபடியும் வலது கம்பத்தையே தட்டினான். பந்தை வைத்தான், எடுத்தான், வைத்தான். கட்டியிருந்த கையுறைப் பட்டையை அவிழ்த்துக் கட்டினான், உடனே திரும்பவும் அவிழ்த்தான். பிறகு கையை வாயருகே குவித்து, "மணியம்! மேல ஏறு! மணியம்!" என்று கத்தினான். மணியம் எங்கள் பழைய தடுப்பாட்டக்காரர். போன சீசனே அணியை விட்டுப் போய், ஜொகூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம் நின்ற பையன் யார் மணியம் என்பதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடினான். அடுத்த நிமிஷம் குணா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

நான் டாக்டரிடம் ஓடினேன். "அண்ணே, குணாவுக்கு தலை பெனிங்கா இருக்கு, சுத்துது. ஆளு சரியில்ல. வாந்தி எடுக்குறான் பாருங்க."

"அது மத்தியானம் சாப்பிட்ட நாசி லெமாக் லா. சம்பால் ஒத்துக்கல."

"மணியத்தக் கூப்புடுறான் அண்ணே!"

"மணியம் நல்ல ஆட்டக்காரன்தானே?" என்றார் அவர்.

இந்த மனுஷனோடு பேசிப் பயனில்லை என்று கோச்சிடம் போனேன். கோச் நல்லவர்தான். ஆனால் ஆள் மாற்றுவதென்றால் முதலில் மேடையில் இருக்கும் டத்தோவைத் திரும்பிப் பார்ப்பார். டத்தோ அங்கிருந்தே கையை ஆட்டினார், மாற்றாதே என்று. யாரை, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. நான் கோச்சின் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் அவர் கை இன்னும் வேகமாக ஆடியது.

"கோச், அவன வெளியே எடுங்க. என்ன எறக்க வேணாம். யாரையாச்சும் எறக்குங்க."

கோச் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. "ஒனக்கு எறங்கணும்னு ஆச. யாரு வந்து ஒக்காந்திருக்கான்னு எனக்கும் தெரியும். நேரா கேளு லா. அவன் தலைய ஏன் இழுக்குற?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அவமானமும் வந்தது. நம் தொழிலின் கேடு இதுதான், தம்பிகளே. முதல் கீப்பருக்கு ஒன்றென்றால் முதலில் தெரிவது உங்களுக்கு. ஆனால் அதை நீங்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் லாபம் உங்களுக்கு. பந்து பொறுக்கிப் போடுபவன் சொன்னால் நம்புவார்கள். தண்ணீர் விற்பவன் சொன்னால் நம்புவார்கள். பக்கவாட்டில் நின்ற துணை நடுவரிடம் போய்ச் சொன்னேன். கொடியால் பெஞ்சைக் காட்டினார். குணாவை நோக்கி, "டேய், ஒக்காரு! கீழ ஒக்காரு!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்து முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினான்.

பெஞ்சுக்குத் திரும்பி உட்கார்ந்தேன். அப்போது மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். பேசாமல் இரு, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனாகவே விழுவான். விழுந்தால் டத்தோ என்ன, டத்தோவின் தேங்காய் என்ன, உன்னைத்தான் இறக்க வேண்டும். மேல்பிரிவு கோச் பார்ப்பார். நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை. சொல்ல வேண்டியவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாய். கையுறை ஏற்கெனவே என் கையில் இருந்தது. எப்போது மாட்டினேன் என்று எனக்கே தெரியாது.

எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. அந்த நெட்டை ஆள் மறுபடியும் கோல் முன்னால் வந்து நின்றான். குணா கம்பத்தில் சாய்ந்து, பந்து வரும் திசையை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது அடி என்று அந்த லேடி டாக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. விதி எனக்குத் தெரியும். பெஞ்சில் இருப்பவன் நடுவர் அனுமதி இல்லாமல் உள்ளே போய்க் கோல் வாய்ப்பைக் கெடுத்தால் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டை வாங்கியவன் அதற்குப் பிறகு இறங்கவே முடியாது. நான் உள்ளே ஓடினால் குணா வெளியே வருவான், ஆனால் அவன் இடத்தில் நான் நிற்க முடியாது.

ஓடினேன்.

எங்கள் கோல் பெஞ்சுக்குப் பக்கம்தான். கார்னர் அடித்த பந்து காற்றில் இருக்கும்போது கோல் முன்னால் போய், குணாவை இடுப்போடு சேர்த்துக் கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார வைத்தேன். "விடு லா மச்சான், பந்து வருது" என்றான் மெதுவாக. நெட்டை ஆள் தலையால் முட்டினான். பந்து நேரே வந்து என் முதுகில் பொளேரென்று பட்டு வெளியே போனது. கோலுக்குள் போக வேண்டிய பந்து. என் வாழ்க்கையில் நான் தடுத்ததிலேயே அருமையான பந்து அதுதான். அதற்கு நான் வாங்கியது சிவப்பு அட்டை.

"கெலுவார்! கெலுவார்!" என்று வெளியே கையைக் காட்டி நடுவர் கத்தினார். எதிரணிக்குப் பெனால்டி. கூட்டம் என்னைக் கேட்ட கேள்விகளை இந்த அறையில் சொல்ல முடியாது, தங்கைகள் இருக்கிறார்கள். ஒரு தண்ணீர் போத்தல் தோளில் விழுந்தது, மூடி திறந்திருந்தது. கோச் என்னைப் பிடித்து இழுக்க வந்தார். "அவனப் பாருங்க கோச், அவனப் பாருங்க" என்றேன். அப்போதுதான் எல்லாரும் முதன்முறையாகக் குணாவைப் பார்த்தார்கள். உட்கார வைத்த இடத்திலேயே சரிந்து கிடந்தான். ஒரு கண் பாதி திறந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, திடல் நடுவில், எல்லார் முன்னாலும்.

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. கோலில் நிற்க இனி ஆள் வேண்டும். இரண்டாம் கீப்பர் வெளியே போய்விட்டான். மூன்றாம் கீப்பர் என்ற பெயரில் பெஞ்சில் மிச்சமிருந்தது டத்தோவின் அண்ணன் மகன். சீசன் முழுக்க இறங்காமல் இருந்தவன், கையுறையை எந்தக் கைக்கு எது என்று கேட்டு மாட்டிக்கொண்டான். பெனால்டிக்கு இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கம் போனது. அந்த ஒரு கோலில் தோற்றோம். அன்றைக்கே ஜெர்சிகளைத் துவைத்தார்கள். இரண்டு ஜெர்சி தண்ணீரில் பிரிந்தே போய்விட்டதாகக் கேள்வி.

"நான் அப்பவே சொன்னேன், ராசி சரியில்லன்னு" என்று டத்தோ பேப்பர்காரர்களிடம் சொன்னார். குணாவின் தலையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. மேல்பிரிவு கோச் பெனால்டிக்கு முன்பே எழுந்து போய்விட்டாராம். நான் கமுந்திங்கில் ஜாகா வேலையில் சேர்ந்தேன். தொழிற்சாலை கேட்டில் நின்ற காலம் கோலில் நின்ற காலத்தை விட அதிகம். கேட்டில் யாரும் கூச்சல் போடுவதில்லை, அது ஒரு நிம்மதி.

குணாவுக்கு மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். இன்னோர் அடி விழுந்திருந்தால் ஆள் இல்லை என்று அறுவை செய்த டாக்டர் பரமேஸ்வரியிடம் சொல்லியிருக்கிறார். பிழைத்தான். ஆனால் விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆட்டம் அவன் நினைவில் சுத்தமாக இல்லை. காலையில் பேருந்தில் ஏறியது ஞாபகம் இருக்கிறது, அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரிக் கட்டில். நடுவில் நடந்ததை அவனுக்குச் சொன்னவர்கள் அணிக்காரர்கள். நான் பொறாமையில் உள்ளே ஓடி அவனை இழுத்துக் கீழே தள்ளினேன், கிண்ணமும் போச்சு, தலையும் போச்சு என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். தலையில் கட்டோடு படுத்திருந்தவன் என்னைக் கண்டதும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே நடைபாதையில் பரமேஸ்வரி என் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, டாக்டர் எங்கிட்ட எல்லாம் சொன்னாரு. நானும் இவருகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். காது குடுக்க மாட்றாரு."

"தாப்பா லா, விடுமா. நான் ஒருநாள் பொறுமையா வந்து சொல்றேன்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேணாம் அண்ணே. இனிமே ஆட முடியாதுன்னு தெரிஞ்சதுலேருந்து சாப்பிடாம படுத்திருந்தாரு. ஒங்களத் திட்ட ஆரம்பிச்ச பொறவுதான் எந்திரிச்சி ஒக்காந்தாரு. அவருக்கு யாரையாச்சும் திட்டணும் அண்ணே. கடவுளத் திட்டினா எனக்கு பயமா இருக்கு. நீங்களே இருந்துக்கோங்க."

வலித்தது. ஊரெல்லாம் கெட்ட பெயர், வேலை போச்சு, இதையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வேறொருவன் நிற்க வேண்டிய இடத்தில் போய் நிற்பதுதானே என் உத்தியோகம். இந்த முறை கடவுளுக்குப் பதிலாக நான் இறங்கினேன். "சரிமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது குணா ஈப்போவில் மின்சாரப் பொருள் கடை ஒன்றில் வியாபாரம் பார்க்கிறான். நன்றாக இருக்கிறான், தொப்பை விழுந்துவிட்டது. தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காததால் தொப்பி போட்டுக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பாய் கடையில் பையன்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பழைய ஆட்டங்களைப் பேசுவான். நானும் அந்தக் கடைக்குப் போவேன். பக்கத்து மேசையில் உட்காருவேன். என்னைப் பார்த்ததும் அவன் பழைய கதை இறுதி ஆட்டத்துக்கு வந்துவிடும். சத்தமும் கூடும்.

பாய்க்கே பொறுக்கவில்லை. ஒருநாள் ரொட்டி சானாயை வைத்துவிட்டு என் காதருகே குனிந்தார். "ஏன் அண்ணே, ஈப்போவுல வேற கடை இல்லையா?"

"ஒங்க ரொட்டி மாதிரி வராது பாய்."

"என் ரொட்டி அவ்வளோ நல்லா இருக்காதுன்னு எனக்கே தெரியும் அண்ணே" என்றார்.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே குணாவைப் பார்த்தேன். அவன் திட்டும்போது நான் வார்த்தையைக் கேட்பதில்லை. பேச்சு எங்கும் குழறுகிறதா, கப்பைத் தூக்கும் கை நடுங்குகிறதா, மணியத்தை மறுபடியும் கூப்பிடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எதுவும் இல்லை. சாட்டையடி மாதிரி சரளமாகத் திட்டுகிறான். போன வருஷத்தை விட இந்த வருஷம் புதிய வார்த்தைகள் சேர்ந்திருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை கதையெல்லாம் முடிந்து நான் எழுந்தபோது, அவனுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"டேய் சனியனே! நல்லா கேட்டுக்க. நீ செத்தாக்கூட ஒன் சாவுக்கு நான் வரமாட்டேன்!"

"வரவேணாம் லா" என்றேன். "நீ இருந்தா போதும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இவனுக்குப் பைத்தியம் லா" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, பாயைக் கூப்பிட்டு இன்னொரு கப் தே தாரேக் கேட்டான்.